எருக்குழிக்குள் போகக் கூடாத குப்பை!
மருந்து டப்பா முதல் பேட்டரி கட்டை வரை... விவசாயி வீட்டில் என்ன செய்யலாம்?

“வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?” என்று கேட்டால் கிராமத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அங்கே குப்பை என்றால் எரு. சாணம், மாடு தின்று கழித்த கூளம், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு, காய்கறித் தோல் எல்லாம் ஒரே குழியில் விழும். கோடையில் குழியை வெட்டி, வண்டியிலோ டிப்பரிலோ ஏற்றி வயலில் இறைப்பார்கள். வீட்டில் கழிந்தது அத்தனையும் மண்ணுக்கே திரும்பிப் போனதால், குப்பையை எங்கே போடுவது என்ற கேள்வியே எழவில்லை.

குழி இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதில் விழும் பொருள்கள்தான் மாறிவிட்டன. தீர்ந்துபோன பேட்டரி கட்டை, பீஸ் போன டியூப் லைட், காலாவதியான மாத்திரை, மாட்டுக்குப் போட்ட ஊசி, காலி மருந்து டப்பா, உடைந்த பாட்டில், குழந்தையின் டயப்பர் என்று கூடையில் இருப்பதெல்லாம் சேர்ந்தே போகிறது.

நகரத்தில் கொட்டும் குப்பையை லாரி வந்து அள்ளிப் போய்விடும். அது எங்கே போனது என்று கொட்டியவருக்குத் தெரியாது. விவசாயி வீட்டுக் குப்பை அப்படியில்லை. அது அவருடைய வயலுக்கே வந்து சேரும். பெரும்பாலான பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஏக்கருக்கு 5 டன். அந்த 5 டன்னோடு வேறு என்ன போகிறது என்பதைக் கவனித்தே ஆக வேண்டும். காரீயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் மக்குவதில்லை. ஒருமுறை மண்ணில் சேர்ந்தால் அங்கேயே தங்கும். பின்னால் எத்தனை மூட்டை மண்புழு உரம் போட்டாலும் அவற்றை வெளியே எடுக்க முடியாது.

மூன்றாகப் பிரித்தால் போதும்

வீட்டில் கழியும் பொருளைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இது மக்குமா? மக்கும் என்றால் எருக்குழி. மக்காது என்றால், இது விலைக்குப் போகுமா? போகும் என்றால் பழைய இரும்பு வியாபாரி. இரும்பு, பித்தளை, அட்டை, நல்ல பிளாஸ்டிக், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் இதில் அடங்கும்.

மக்கவும் செய்யாது, விலைக்கும் போகாது, கைபட்டால் கெடுதலும் செய்யும் என்ற வகை ஒன்று மிச்சம் இருக்கிறது. சிக்கல் இதில்தான். 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று தனியே பிரித்தன. பூச்சிமருந்து டப்பா, பெயின்ட் டப்பா, சி.எஃப்.எல். பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், தீர்ந்த பேட்டரி, ஊசி, சிரிஞ்சு ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின. ஆனால், அவை நகரங்களையும் நகரத்தை ஒட்டிய ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பட்டியலில் உள்ள பொருள்கள் எல்லாம் குக்கிராமத்திலும் இருக்கின்றன. மையம்தான் இல்லை.

காலி மருந்து டப்பா

இந்தப் பட்டியலில் விவசாயி வீட்டுக்கு முதல் எதிரி காலி மருந்து டப்பாதான். பார்க்கப் பளபளப்பாக, கெட்டியாக, இறுக்கமான மூடியோடு இருக்கும். தூக்கிப் போட மனம் வராது. மண்ணெண்ணெய், டீசல், விதை, சில வீடுகளில் எண்ணெய் என்று எதையாவது ஊற்றி வைக்கத் தோன்றும்.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையலுக்குப் பயன்படுத்திய எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. மருந்து இருந்த கேனில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. டப்பாவைக் கழுவிவிட்டால் விஷம் போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் தன்னுள் இருந்த மருந்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கும். சோப்பு அதை எடுக்காது.

டப்பா காலியானதும் செய்ய வேண்டியது மும்முறை அலசல். மருந்தைத் தெளிப்பானில் ஊற்றியதும், டப்பாவைக் கவிழ்த்து அரை நிமிடம் சொட்ட விடுங்கள். பிறகு கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். இதேபோல மூன்று முறை. கலவை போடும்போதே செய்தால்தான் அலசிய தண்ணீரும் பயிருக்கே போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் கழுவினால் விஷம் கிணற்றுக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய மருந்தில் ஒரு சொட்டும் வீணாகாது என்பது கூடுதல் லாபம்.

அலசியதும் டப்பாவின் அடியில் ஆணியாலோ கத்தியாலோ ஓட்டை போடுங்கள். இனி யாரும் அதில் எதையும் ஊற்றி வைக்க முடியாது. 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இதற்கு இடம் உண்டு. காலி டப்பாக்களை மறுபடி பயன்படுத்தும்படி வெளியே போடக் கூடாது, உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்கிறது விதி 44.

புதைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். மருந்து வாங்கிய கடையிலும், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் காலி டப்பா சேகரிப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், அலசி ஓட்டை போட்ட டப்பாக்களைத் தனிச் சாக்கில் கட்டி ‘மருந்து டப்பா’ என்று எழுதி, ஊராட்சியில் ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாதபோதுதான் குழி. கிணறு, போர்வெல், வாய்க்கால், குளம் எதற்கும் பக்கத்தில் இல்லாத, மழைத்தண்ணீர் தேங்காத மேட்டு நிலமாகப் பார்த்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் எரிக்கக் கூடாது. அந்தப் புகையில் மருந்தும் இருக்கும்.

டப்பாவில் உள்ள சாய்சதுரக் குறியையும் கவனியுங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் அளவு குறையும். பச்சையாக இருந்தாலும் அதுவும் விஷம்தான். அலசல் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

மாட்டைக் கொல்லும் பேட்டரி

டிராக்டர், இன்வெர்ட்டர் பேட்டரிகளின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். விலை கிடைப்பதால் இவை பெரும்பாலும் வீட்டில் தங்குவதில்லை. புதுசு வாங்கும்போது பழசைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது நல்லது. பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு விற்பவர்களுக்கு 2001 முதலே இருக்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்து, எல்லா வகை பேட்டரிகளுக்கும் விரிவாக்கின.

ஆபத்து, உடைந்த பேட்டரியைத் தொழுவத்து மூலையில் போட்டு வைப்பதில் இருக்கிறது. மாடுகளுக்கு, அதிலும் கன்றுகளுக்கு, எதையும் நக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. பேட்டரித் தகட்டையோ பழைய பெயின்ட் டப்பாவையோ நக்கிய மாட்டுக்குக் காரீய விஷம் ஏறும். கண் தெரியாமல் சுவரில் முட்டுவது, பல்லைக் கடிப்பது, வாயில் நுரை தள்ளுவது, வலிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். வெறிநோயோ என்று சந்தேகப்படும் அளவுக்கு இருக்கும். உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, மாடு எதை நக்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

டார்ச், ரிமோட், கடிகாரம் ஆகியவற்றின் சிறிய பேட்டரி கட்டைகளை யாரும் விலைக்கு எடுப்பதில்லை. மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அவற்றைச் சேர்த்து வாருங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு டப்பாதான் சேரும். உப்பிப்போன செல்போன் பேட்டரியை மட்டும் மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். குத்தினாலோ நசுக்கினாலோ தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனியே மணலில் வைத்து, செல்போன் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கம்பி, ஆணி, ஊசி மூன்றும் எருக்குழிக்கும் வைக்கோல் போருக்கும் பக்கத்திலேயே வரக் கூடாது. தீவனத்தோடு மாடு விழுங்கும் கம்பி, தேன்கூடு போன்ற இரண்டாவது இரைப்பையில் போய்த் தங்கும். அதற்கு நேர் முன்னால்தான் இதயம். கம்பி துளைத்துக்கொண்டு முன்னே போனால் மாடு பிழைப்பது கடினம்.

டியூப் லைட்டும் ஒரு கணக்கும்

எல்.இ.டி. வந்த பிறகும், பல வீட்டுப் பரண்களில் பழைய டியூப் லைட்டும் சி.எஃப்.எல். பல்பும் கிடக்கின்றன. அவற்றுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. சில மில்லிகிராம்தானே என்று தோன்றும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விற்பனைக்கு வரும் நகரக் கம்போஸ்டில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. ஒரு விளக்கில் 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அது 20 கிலோ எருவை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். பாதரசத்தில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஆனால், அந்த ஆவியைச் சுவாசிப்பது பக்கத்தில் நிற்பவர்தான்.

எனவே, பழைய விளக்கை உடைக்காமல், புது விளக்கு வந்த அட்டைக்குள்ளேயே நுழைத்துப் பரண்மேல் வையுங்கள். உடைந்துவிட்டால், குழந்தைகளை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம். பாதரசம் இன்னும் பரவும். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத் தூளை ஈரத் துணியாலோ டேப்பாலோ ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

மாத்திரையும் ஊசியும்

காலாவதியான மாத்திரை, டானிக், மாட்டு மருந்து எதையும் வாய்க்காலிலோ கிணற்றிலோ கொட்ட வேண்டாம். ஆன்டிபயாடிக் மருந்துகள் தண்ணீரிலும் சாணக்குழியிலும் சேர்ந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும் வாய்ப்பு அதிகமாகிறது. முதலில் மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். வழியே இல்லாதபோது, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடோ காபித் தூள் சக்கையோடோ பிசைந்து, யாரும் எடுத்துத் தின்ன முடியாதபடி உறையில் கட்டி, அபாயக் கழிவோடு கொடுக்கலாம்.

இன்சுலின் போடுபவர் வீட்டில் தினமும் ஊசி சேரும். மூடியைத் திருப்பி மாட்டப் போய்க் கையில் குத்திக்கொள்ளாமல், கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் அப்படியே போட்டு, நிறைந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். மாட்டுக்கு ஊசி போட்டால், ஊசியையும் மருந்துக் குப்பியையும் எடுத்துப் போகச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருந்தகங்களுக்கும் பொருந்தும். உங்கள் வீட்டுக் குப்பையைக் கையால் பிரிப்பவர் ஊராட்சியின் தூய்மைக் காவலர். கவரில் கிடக்கும் ஒரு ஊசி அவர் கையில்தான் ஏறும்.

ஏன் எரிக்கக் கூடாது?

“எதுக்கு இத்தனை பாடு? ஒரு தீக்குச்சி போதுமே” என்பது பல வீடுகளின் தீர்வு. எரித்தால் குப்பை கண்ணிலிருந்து மறையும், அவ்வளவே. ஒயர், பி.வி.சி. குழாய், ரெக்சின் போன்றவை எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது புல்லிலும் தீவனத்திலும் படிகிறது. அதைத் தின்னும் மாட்டின் பால் கொழுப்பிலும், சாம்பலைக் கிளறும் கோழியின் முட்டையிலும் சேர்கிறது. பாலும் முட்டையும் முதலில் வீட்டுக் குழந்தைக்குத்தான். செம்புக் கம்பிக்காக ஒயரை எரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடவே கூடாது. பேட்டரி கட்டையில் உள்ள உலோகமோ எரிவதில்லை. சாம்பலில் அப்படியே இருக்கும். விறகுச் சாம்பல் எருக்குழிக்கு நல்லது. குப்பை எரித்த சாம்பல் ஆகாது.

ஒரு வாளி, ஒரு தீர்மானம்

வீட்டளவில் தேவைப்படுவது, மூடி போட்ட பழைய பெயின்ட் வாளி ஒன்று. பேட்டரி டப்பா, மாத்திரை உறை, உடைந்த விளக்குப் பாட்டில் ஆகியவை அதற்குள். மாடும் குழந்தையும் எட்டாத உயரத்தில், சமையலறைக்கு வெளியே அது இருக்கட்டும். மருந்து டப்பா சாக்கு மட்டும் வீட்டுக்குள் வராமல், தோட்டத்துக் கொட்டகையில் பூட்டியிருக்கட்டும்.

வாளி நிறைந்தபின் எங்கே கொடுப்பது? இதற்கு விடை ஒரு வீட்டில் கிடைக்காது, ஊரில்தான் கிடைக்கும். வழி உண்டாக்கினால் மக்கள் நடப்பார்கள் என்பதற்குக் காலி மதுபாட்டில் ஓர் உதாரணம். வயலிலும் காட்டிலும் உடைந்து கிடந்து, உழுபவர் காலையும் விலங்குகளின் காலையும் கிழித்தது அந்தக் கண்ணாடி. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2022-ல் நீலகிரி மாவட்டத்தில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. தூக்கியெறிந்த பாட்டிலுக்கு மதிப்பு வந்ததும் அது கடைக்குத் திரும்பத் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

மருந்து டப்பாவுக்கும் பேட்டரி கட்டைக்கும் அப்படி ஒரு வழியைக் கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ‘3 மாதத்துக்கு ஒருமுறை, குறிப்பிட்ட நாளில், வீட்டு அபாயக் கழிவுகளை ஊராட்சி தனியாகச் சேகரித்து, ஒன்றியம் வழியாக உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்’ என்று ஒரு வரித் தீர்மானம் போதும். பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால் பதிவேட்டில் ஏறும். ஏறிய தீர்மானத்தை அடுத்த சபையில் என்ன ஆயிற்று என்று கேட்கலாம்.

வாசகர் கேள்விகள்

எங்கள் எருக்குழியில் ஏற்கெனவே பாலித்தீனும் பாட்டிலும் கலந்து கிடக்கின்றன. அந்த எருவை என்ன செய்வது?

குழியை வெட்டி, நிழலில் உலர்த்தி, மண் சலிக்கும் சல்லடையில் சலித்த பிறகே வயலுக்கு ஏற்றுங்கள். கையுறையும் செருப்பும் அவசியம். பேட்டரி கட்டையோ உடைந்த டியூப் லைட்டோ கிடந்த இடத்தைச் சுற்றியுள்ள எருவைத் தனியே ஒதுக்குங்கள். அதைக் கீரை, கிழங்கு, காய்கறிப் பாத்திகளுக்குப் போட வேண்டாம்.

பரணில் பழைய எண்டோசல்பான் பாட்டில் ஒன்று இருக்கிறது. அடித்துத் தீர்த்துவிடலாமா?

கூடாது. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை விதித்துவிட்டது. மண்ணில் கொட்டுவதும் கூடாது. லேபிள் கிழியாமல், வேறு பாட்டிலுக்கு மாற்றாமல், பூட்டி வைத்து, வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகத் தெரிவித்து வழி கேளுங்கள். தடையில்லாத மருந்தானாலும் காலாவதியாகிவிட்டால் இதே முறைதான். ஒரு போகத்துக்குத் தேவையான அளவுக்குச் சின்ன டப்பாவாக வாங்கினால் மிச்சமே இருக்காது.

டிராக்டரில் மாற்றிய பழைய ஆயிலை மாட்டு உண்ணிக்குத் தடவலாமா?

வேண்டாம். பழைய ஆயிலில் இன்ஜினில் தேய்ந்த உலோகமும் கரிப்பொருளும் கலந்திருக்கும். மாடு தன் உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள் போகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, ஆயில் மாற்றும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தரையில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும்.

டயப்பர், நாப்கின் மக்கும்தானே?

அவற்றில் பிளாஸ்டிக் படலமும், ஈரத்தை உறிஞ்சும் பொருளும் உண்டு. எருக்குழியில் மக்காது. செய்தித்தாளில் சுற்றி, அடையாளம் வைத்து, தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுங்கள். குழந்தைக்குத் துணி டயப்பர் முடிந்தால் நல்லது.

குழந்தை பட்டன் பேட்டரியையோ மருந்தையோ விழுங்கிவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே 108-க்கு அழையுங்கள். பொம்மை, ரிமோட் ஆகியவற்றில் உள்ள பட்டன் பேட்டரி தொண்டைக் குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. விழுங்கியது பூச்சிமருந்து என்றால், டப்பாவையும் லேபிளோடு கையில் எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியான சிகிச்சையை உடனே தொடங்க முடியும்.